சதர்லாந்து ஷெரிஃப்: யாருடைய நீதிபதி?

ஸ்காட்லாந்தின் சட்ட வரலாற்றை எழுதுகிறவர்கள் 1748 மார்ச் 25 என்ற தேதிக்குத் தனி மரியாதை கொடுப்பார்கள். அதற்கு முந்தைய நாள் வரை அந்த நாட்டின் பல மாவட்டங்களில் நீதிபதிப் பதவி நிலபுலன் போலத் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கும் குடும்பச் சொத்து. அன்று முதல் அது அரசர் நியமிக்கும், சட்டம் படித்தவர் வகிக்கும், சம்பளம் பெறும் உத்தியோகம் ஆயிற்று. 1745 இல் ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்லஸுக்காக மலைநாட்டுக் குலத்தலைவர்கள் சிலர் படை திரட்டினார்கள். மறு ஆண்டு கலோடன் களத்தில் அந்தக் கலகம் நசுக்கப்பட்டது. இப்படி ஆள் சேர்க்கும் செல்வாக்கு அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று லண்டன் யோசித்தது. குடிகளைத் தாங்களே விசாரித்துத் தாங்களே தண்டிக்கும் பரம்பரை அதிகாரத்திலிருந்துதான் என்று முடிவு கட்டியது. அதன் விளைவுதான் 1747 இல் நிறைவேறிய பரம்பரை நீதி அதிகார ஒழிப்புச் சட்டம். அந்தச் சட்டத்தால் மலைநாட்டுக் குடியானவனுக்கு முதன்முறையாக நியாயம் கேட்க ஓர் இடம் கிடைத்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. அந்தக் கதையை ஒரே ஒரு மாவட்டத்தில் வைத்து உரசிப் பார்க்கலாம். வடகோடியில் இருக்கும் சதர்லாந்து அதற்குப் பொருத்தமான இடம். அங்கே நடந்தவற்றைப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது: 1747 சட்டம் நீதிபதியை நியமிப்பவரை மாற்றியது, நீதிபதி கையிலிருந்த சட்டத்தைத் தொடவில்லை. பின்னது மாறும்வரை முன்னதால் விளைந்த நன்மை சொற்பம். சொற்பம்தான், ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது.

ஷெரிஃப் என்றதும் தமிழ் வாசகருக்கு அமெரிக்கப் படங்களில் குதிரையேறி வரும் துப்பாக்கிக்காரரோ, ஒரு காலத்தில் சென்னையில் பிரமுகர்களுக்கு வழங்கப்பட்ட அலங்காரப் பதவியோ நினைவுக்கு வரலாம். ஸ்காட்லாந்து ஷெரிஃப் இரண்டும் இல்லை. அவர் நீதிபதி, இன்றும் அந்த நாட்டின் வழக்குகளில் பெரும்பாலானவை ஷெரிஃப் நீதிமன்றத்தில்தான் முடிகின்றன. 12ஆம் நூற்றாண்டில், முதலாம் டேவிட் அரசர் காலத்தில், வரி வசூலிக்கவும் படை திரட்டவும் வழக்குத் தீர்க்கவும் அரசரின் ஆளாக மாவட்டந்தோறும் அமர்த்தப்பட்டவர் அவர். வடக்கே நெடுங்காலம் இன்வர்னஸ் ஷெரிஃப் ஒருவர்தான். கடல் வரை பரந்த மலைநாடு முழுக்க அவர் எல்லை. ஒருவரால் அத்தனையும் ஆளமுடியாது என்பதைப் புரிந்துகொண்டு 1503 இல் நாடாளுமன்றம் வடக்குக்குத் தனி ஷெரிஃப்களை ஏற்படுத்த முயன்றது. டோர்னாக்கிலோ விக்கிலோ நீதிமன்றம் கூட வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. 1630களில் சதர்லாந்து தனி ஷெரிஃப் எல்லையாகவே பிரிந்தது. பிரிந்த கையோடு பதவி சதர்லாந்து எர்ல் குடும்பத்தின் பரம்பரை உரிமையானது. அரசரின் ஆளாகத் தொடங்கியவர் பிரபுவின் ஆளாக முடிந்தார் என்பதில் ஸ்காட்லாந்தில் யாருக்கும் வியப்பு இருந்திருக்காது. பாதி நாட்டில் அதுவே நடந்திருந்தது.

பரம்பரை ஷெரிஃப் தானே நீதிமன்றத்தில் உட்கார்ந்து வழக்குக் கேட்பது அபூர்வம். தன் சார்பில் ஒருவரை அமர்த்துவார். அவர் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை, எர்லுக்கு வேண்டியவராக இருந்தால் போதும். சதர்லாந்தின் டோர்னாக் ஊரில் ஒரு தோட்டத்து ஓரமாகச் சிறிய கல் ஒன்று நிற்கிறது. அதில் 1722 என்று பொறித்திருக்கிறார்கள். பெரும்பாலான நூல்கள் 1727 என்கின்றன. பிரிட்டனில் சூனியக்காரி என்று சட்டப்படி கொல்லப்பட்ட கடைசி மனுஷி எரிக்கப்பட்ட இடம் அது. ஜேனட் ஹார்ன் என்பது அவளுக்கு வழங்கிவரும் பெயர். மகளின் கையும் காலும் வளைந்து ஊனப்பட்டிருந்தன; மகளைக் குதிரையாக்கிச் சாத்தானைக் கொண்டு லாடம் அடித்து இவள் ஏறிப் போனாள் என்பது குற்றச்சாட்டு. விசாரித்துத் தீர்ப்புச் சொன்னவர் எர்லின் சார்பு ஷெரிஃப், கேப்டன் டேவிட் ராஸ். மகள் தப்பிவிட்டாள். கிழவியைத் தார்ப் பீப்பாயில் வைத்து எரித்தார்கள். குளிரில் நடுங்கிய அவள், தனக்கென்று மூட்டிய நெருப்பிலேயே குளிர்காய்ந்தாள் என்று அந்தப் பகுதியின் வாய்மொழி சொல்கிறது. அந்தக் காலத்தில் இன்வர்னஸில் வேலை பார்த்த எட்மண்ட் பர்ட் என்ற ஆங்கிலேயரின் கடிதங்களும் இந்தத் தண்டனையைக் குறிப்பிடுகின்றன. இதில் மூடநம்பிக்கையை மட்டும் பார்த்துவிட்டு நகர்வது எளிது. எடின்பரோவில் இருந்த வழக்கறிஞர்கள் அப்போதே இத்தகைய வழக்குகளை நம்புவதை விட்டுவிட்டார்கள்; பத்தாண்டுகூடக் கழியாமல், 1736 இல், சூனியச் சட்டமே ஒழிந்தது. ஆனால் டோர்னாக்கில் நடப்பதைத் தலைநகரம் தடுக்க வழி இருக்கவில்லை. படைவீரர் ஒருவர் ஒரு கிழவியின் உயிரைத் தீர்மானித்தார், கேட்பார் இல்லை. 1747 சட்டத்தை மதிப்பிடும்போது இந்தத் தொடக்கப் புள்ளியை மறந்துவிடக் கூடாது.

அந்தச் சட்டம் கலகக்காரர்களைத் தண்டிப்பதற்காக வந்தது என்று நினைத்தால் தவறு. சதர்லாந்து எர்ல் கலகத்தின்போது அரசர் பக்கம் நின்றவர். ஆர்கைல் டியூக்கும் அப்படித்தான். இருவரும் பதவியை இழந்தார்கள். இருவருக்கும் விலை கொடுக்கப்பட்டது. பரம்பரை உரிமை என்பது சொத்து, சொத்தை எடுத்தால் ஈடு தரவேண்டும் என்பதை நாடாளுமன்றம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது. ஆர்கைலுக்கு மட்டும் 21,000 பவுன். நாடு முழுவதற்கும் ஒன்றரை இலட்சம் பவுனுக்குச் சற்று மேல். பிரபுக்கள் கேட்டது இதைப்போலப் பல மடங்கு. ஆக, அடக்குமுறைக்குத் துணைபோன அதிகாரத்தை அரசு விலைக்கு வாங்கியது. வாங்கியது பதவியை மட்டும். நிலம் நிலமாகவே பிரபுவிடம் இருந்தது. குத்தகை பாக்கியைத் தன் சொந்தப் பண்ணை நீதிமன்றத்தில் வசூலிக்கும் உரிமையும் நிலக்காரரிடமே விடப்பட்டது. புதிய ஷெரிஃப் குறைந்தது மூன்றாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞராக இருக்கவேண்டும், ஆண்டில் நான்கு மாதம் தன் மாவட்டத்தில் தங்கவேண்டும் என்று நிபந்தனைகள் வந்தன. சில ஆண்டுகளில் அது ஆயுட்காலப் பதவியாகவும் ஆனது. பிரபு கோபித்தால் வேலை போகும் என்ற பயம் இனி இல்லை. காகிதத்தில் பார்த்தால் அந்தக் காலத்து ஐரோப்பாவில் இவ்வளவு நல்ல ஏற்பாடு அதிகம் இல்லை.

நடைமுறையில் இரண்டு ஆட்கள் உருவானார்கள். அரசர் நியமிக்கும் தலைமை ஷெரிஃபுக்கு 'டெப்யூட்' என்று பெயர். அவர் மாவட்டத்தில் இல்லாதபோது வேலை பார்க்க அவரே அமர்த்தும் உள்ளூர் ஷெரிஃபுக்கு 'சப்ஸ்டிட்யூட்' என்று பெயர். தலைமை ஷெரிஃப்கள் எடின்பரோவில் தொழில் நடத்தும் வழக்கறிஞர்கள். நான்கு மாத விதியை எந்த அளவுக்கு மதித்தார்கள் என்பதற்கு நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டே சாட்சி. செல்கர்க் மாவட்டத்துக்கு 1799 இல் ஷெரிஃப் ஆன அவர், மாவட்டத்தில் தங்குவதில்லை என்று அங்கிருந்த நேப்பியர் பிரபு குறைப்பட்ட பிறகே 1804 இல் ஆஷஸ்டீலில் வீடு பிடித்தார். செல்கர்க் எடின்பரோவிலிருந்து சுமார் நாற்பது மைல். டோர்னாக் ஏறத்தாழ 200 மைல். வழியில் கடற்கழிகளைப் படகில் கடக்கவேண்டும். அந்தப் படகுப் பயணம் விளையாட்டில்லை. 1809 ஆகஸ்டில் டெயின் சந்தைக்குப் போன மீக்கிள் படகு கவிழ்ந்து 99 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் சதர்லாந்தின் உள்ளூர் ஷெரிஃப் ஹியூ மெக்கல்லக். ஆகவே சதர்லாந்துக்காரனுக்கு ஷெரிஃப் என்றால் உள்ளூர் ஷெரிஃப்தான். அவருக்கு ஆயுட்காலப் பாதுகாப்பு கிடையாது. குறைந்த வருமானம். பிழைப்புக்குப் பக்கவாட்டில் நிலமும் பார்த்துக்கொள்ள வேண்டும். மெக்கல்லக்குக்குப் பிறகு வந்த ராபர்ட் மெக்கிட் கால்ஸ்பிக்கு அருகே கர்க்டன் பண்ணையில் குத்தகைதாரர். நிலம் யாருடையது? சதர்லாந்து எஸ்டேட்டுடையதுதான். அரசரின் நீதிபதி, நிலக்காரரின் குடியானவர். இரண்டும் ஒரே ஆள்.

எஸ்டேட்டின் அளவைத் தெரிந்துகொண்டால்தான் இதன் பாரம் புரியும். மாவட்டத்தின் பரப்பு 13 இலட்சம் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. 1829 இல் ரே பிரபுவின் நிலத்தையும் வாங்கிய பிறகு கிட்டத்தட்ட மாவட்டமே ஒரு குடும்பத்தின் கைக்கு வந்துவிட்டது. 1870களின் கணக்கில் அவர்களுக்கு இங்கே 11.76 இலட்சம் ஏக்கர். குடும்பத்தின் தலைவி சதர்லாந்து சீமாட்டி எலிசபெத். கணவர் ஸ்டாஃபர்டு பிரபு, இங்கிலாந்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் மாடு வளர்த்து ஓட்ஸ் பயிரிட்டு வாழ்ந்த கேலிக் மொழிக் குடிகளைக் கடலோரத்துக்கு நகர்த்திவிட்டு, காலியான நிலத்தைச் செம்மறி ஆட்டுப் பண்ணைகளுக்குக் கூடுதல் வாடகைக்கு விடுவது இவர்கள் திட்டம். அதைச் செய்து முடிக்க மோரே மாவட்டத்திலிருந்து வில்லியம் யங்கும் வழக்கறிஞரான பேட்ரிக் செல்லரும் காரியஸ்தர்களாக வந்தார்கள். குடிகளைக் காலி செய்யவைக்க இவர்களுக்குத் தடியர்கள் தேவைப்படவில்லை. ஷெரிஃப் நீதிமன்றம் போதுமானதாக இருந்தது. பெரும்பாலான குடிகளிடம் எழுத்துக் குத்தகை இல்லை. ஆண்டுக்கு ஆண்டு நீளும் வாய்வழி உரிமைதான். விட்சன்டே பண்டிகைக்கு நாற்பது நாள் முன்பாக அறிவிப்புக் கொடுத்திருக்கிறதா என்பதை மட்டும் நீதிமன்றம் பார்க்கும். கொடுத்திருந்தால் வெளியேற்ற ஆணை பிறந்துவிடும். எத்தனை தலைமுறை அங்கே உழுதார்கள், போக வேறு இடம் உண்டா என்பதெல்லாம் கேள்வியே அல்ல. ஆணையைக் கொண்டுபோகும் சேவகரும் ஷெரிஃபின் ஆள். மக்கள் எதிர்த்தால் காவலர்களைத் திரட்டிக்கொண்டு போகிறவரும் ஷெரிஃப். கலகம் என்று அறிவித்துப் பட்டாளத்தைக் கூப்பிடுகிறவரும் அவரே. பிடிபட்டவர்கள் பிறகு நிற்பதும் அவர் முன்னால்தான். 1813 இல் கில்டோனன் மக்கள் நிலம் பார்க்க வந்தவர்களை விரட்டியடித்தபோது இந்த வரிசை முழுவதும் நடந்தது. ஷெரிஃப் மெக்கிட், பட்டாளம் ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்தது. அந்த ஆண்டே கில்டோனன்காரர்கள் சுமார் நூறு பேர் கப்பலேறி, கனடாவின் செந்நதிக் குடியேற்றத்துக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த ஆண்டு ஸ்ட்ராத்நேவர். இங்கே விவகாரத்தில் ஒரு முடிச்சு விழுந்தது. காலி செய்யவேண்டிய நிலத்தின் புதுக் குத்தகையை ஏலத்தில் எடுத்திருந்தவர் வேறு யாருமில்லை, காரியஸ்தர் செல்லரேதான். எஸ்டேட் சார்பில் குடிகளை விரட்டுபவரும் விரட்டினால் லாபம் அடைபவரும் ஒருவராகிவிட்டார். 1814 வசந்தத்தில் மேய்ச்சல் புதருக்குத் தீ வைத்தார்கள். செம்மறிக்குப் புதுத் துளிர் வரும் என்பது கணக்கு. குடிகளின் மாடுகளுக்கு அப்போது புல் இல்லாமல் போனது. ஜூனில் ஆட்களோடு வந்து வீடுகளை இடித்தார்கள். மரம் கிடைக்காத அந்த நாட்டில் கூரைச் சட்டங்கள்தான் குடியானவனின் முதல். சதுப்பு நிலத்தில் புதைந்து கிடந்த பழைய மரத்தைத் தோண்டி எடுத்துச் செதுக்கியவை. வீடு மாறும்போது கழற்றித் தோளில் சுமந்து போவார்கள். மக்கள் திரும்பி வந்துவிடக் கூடாது என்று அவற்றை எரித்தார்கள். இன்னொரு வழக்கமும் இருந்தது: நிலத்தை விட்டுப் போகிறவன் கடைசியாக விதைத்த பயிரை அறுக்கலாம், அதை அடித்துத் தூற்ற களஞ்சியக் கொட்டகையை அதுவரை வைத்துக்கொள்ளலாம். அந்தக் கொட்டகைகளும் இடிபட்டன. பேடின்லாஸ்கின் என்ற இடத்தில் வில்லியம் சிஷோம் என்பவரின் வீட்டில் படுத்த படுக்கையாக அவருடைய மாமியார், நூறு வயதை நெருங்கிய மார்கரெட் மெக்கே, இருந்தாள். வீடு எரியத் தொடங்கிய நிலையில் கிழவியைப் போர்வையோடு தூக்கி ஒரு கொட்டிலில் கிடத்தினார்கள். ஐந்து நாளில் இறந்துபோனாள்.

குடிகள் சீமாட்டிக்கு மனுப் போட்டார்கள். அங்கிருந்து பதில், சட்டப்படி போய்க்கொள்ளுங்கள் என்பது. விவகாரம் தலைமை ஷெரிஃப் ஜார்ஜ் கிரான்ஸ்டனிடம் போனது. அவர் எடின்பரோவின் பெயர்பெற்ற வழக்கறிஞர், ஸ்காட்டின் இளமைக்கால நண்பர், பின்னாளில் உச்ச நீதிமன்றத்திலும் அமர்ந்தவர். சாட்சிகளை விசாரிக்கும்படி மெக்கிட்டுக்கு உத்தரவிட்டார். 1815 மேயில் மெக்கிட் ஸ்ட்ராத்நேவருக்குப் போய்ச் சுமார் நாற்பது பேரிடம் வாக்குமூலம் எடுத்தார். மாத இறுதியில் யாரும் எதிர்பாராதது நடந்தது: எஸ்டேட்டின் காரியஸ்தரை, மாவட்டத்தின் மிகச் செல்வாக்கான மனிதரை, கைது செய்து டோர்னாக் சிறையில் அடைத்தார். ஜாமீனும் மறுத்தார். எடின்பரோ நீதிமன்றம் தலையிட்ட பிறகே செல்லர் சில நாட்களில் வெளியே வந்தார். 1727 இல் இந்த ஊரில் ஷெரிஃப் என்பவர் எர்லின் ஆள். 88 ஆண்டு கழித்து அதே ஊரில், அதே குடும்பத்தின் காரியஸ்தரை, அதே குடும்பத்தின் நிலத்தில் குத்தகை இருந்த ஷெரிஃப் உள்ளே தள்ளினார். பரம்பரை ஷெரிஃப் காலத்தில் இதைக் கற்பனைகூடச் செய்ய முடியாது. 1747 சட்டத்தால் என்ன நடந்தது என்று கேட்பவருக்கு நான் காட்டக்கூடிய மிகச் சிறந்த நாள் இதுதான்.

அந்த நாளின் மிச்சக் கதை அவ்வளவு நன்றாக இல்லை. 1816 ஏப்ரல் 23 அன்று இன்வர்னஸில் சுற்று நீதிமன்றம், நீதிபதி பிட்மில்லி பிரபு. பதினைந்து ஜூரிகள், பெரும்பாலும் நிலக்காரர்கள், அவர்களோடு சில வணிகர்கள். சாட்சிகள் கேலிக்கில் பேசினார்கள், மொழிபெயர்ப்பாளர் வழியாக ஆங்கிலத்தில் கேட்டார்கள். கவனக்குறைவால் மரணம் விளைவித்தது, தீ வைத்தது, கொட்டகைகளை இடித்தது எனக் குற்றப்பட்டியல் நீளம். விசாரணை நடக்க நடக்க அரசுத் தரப்பே சிலவற்றைக் கைவிட்டது. நள்ளிரவு தாண்டித் தீர்ப்பு வந்தது. செல்லர் நிரபராதி, ஜூரியில் ஒருவர்கூட மறுக்கவில்லை. அதன்பின் அடி மெக்கிட் மீது திரும்பியது. பதவி போனது. செல்லர் அவதூறு வழக்குத் தொடர்ந்தார்; 1817 செப்டம்பரில் மெக்கிட் மன்னிப்புக் கடிதம் எழுதி, 200 பவுனும் செலவுத் தொகையும் கட்டிவிட்டு மாவட்டத்தை விட்டே போனார். ஒரு நீதிபதி தான் கைது செய்தவரிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்டு ஈடு கட்டினார் என்பதைச் சதர்லாந்தில் அடுத்து அந்த நாற்காலிக்கு வந்த எவரும் மறந்திருக்க முடியாது.

இங்கே நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு. மெக்கிட் நேர்மையான நீதிபதி அல்லர், பழிதீர்த்தார் என்பது அது. எஸ்டேட் நிலத்தில் அவர் திருட்டு வேட்டை ஆடியதைச் செல்லர் கண்டுபிடித்து மேலிடத்தில் சொல்லியிருந்தார். இருவருக்கும் பகை என்பது ஊரறிந்தது. இன்வர்னஸில் எதிர்த்தரப்பு அழுத்தமாக எடுத்துவைத்ததும் இதையே. விசாரணை தொடங்குமுன்பே செல்லர் குற்றவாளி என்று மெக்கிட் முடிவு செய்துவிட்டதை அவர் எழுதிய கடிதங்களே காட்டுகின்றன. கிழவியின் மரணத்துக்கும் நெருப்புக்கும் உள்ள தொடர்பைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவ முடியவில்லை என்றும், அக்காலச் சட்டப்படி தீர்ப்பு சரிதான் என்றும் கருதும் வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். இதையெல்லாம் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். செல்லர் குற்றவாளியா என்பதில் என் வாதம் தங்கியிருக்கவில்லை. ஆனால் அந்த ஆட்சேபம் தன்னையறியாமல் எதை ஒப்புக்கொள்கிறது என்று பார்க்கவேண்டும். எஸ்டேட்டின் காரியஸ்தரை விசாரிக்கத் துணிவதற்குச் சொந்தப் பகை தேவைப்பட்டிருக்கிறது. பகை இல்லாத மெக்கிட் இரண்டு வருடம் முன்பு கில்டோனனில் என்ன செய்தார்? பட்டாளத்தை அழைத்தார். வேட்டை விவகாரத்தையே எடுத்துக்கொண்டாலும், நிலக்காரரின் மானையும் பறவையையும் சுட்டால் குற்றம் என்ற சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, அந்த நிலக்காரரின் பெருந்தன்மையை நம்பி இருந்தவர் அங்கே நீதிபதி. பிணைப்பு எவ்வளவு இறுக்கம் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

இதற்கு எதிர்த்திசையிலிருந்தும் ஒருவர் கேட்கலாம்: கோளாறு ஆளிடமும் அவருடைய வேலைப் பாதுகாப்பின்மையிலும்தான் என்றால், பதவியை இன்னும் சீர்திருத்தியிருந்தால் போதாதா? அந்தச் சீர்திருத்தமும் நடந்தது. உள்ளூர் ஷெரிஃபும் சட்டம் பயின்றவராக இருக்கவேண்டும் என்று 1825 இல் விதித்தார்கள். உயர் நீதிபதிகளின் ஒப்புதல் இன்றி அவரை நீக்கக்கூடாது என்று 1838 இல் சட்டம் வந்தது. 1877 இல் அவரை நியமிக்கும் உரிமையும் தலைமை ஷெரிஃபிடமிருந்து அரசுக்கு மாறியது. ஒவ்வொன்றும் நல்ல மாற்றம். அந்தக் காலத்தில் சதர்லாந்தில் நடந்ததைப் பாருங்கள். 1821 இல் க்ரூயிட்ஸ் கிராமத்தில் ஷெரிஃபின் சேவகர்களைப் பிடித்துத் துணியை உருவி அடித்து, ஆணைக் காகிதங்களை எரித்தார்கள். பட்டாளம் வந்தது, ஊர் காலியானது. 1841 இல் டர்னெஸில் மக்கள், முக்கியமாகப் பெண்கள், ஆணையைத் தடுத்தார்கள். இரவில் விடுதியில் தங்கியிருந்த காவலர் கூட்டத்தை முற்றுகையிட்டு விரட்டினார்கள். அவர்களோடு அப்போது வந்திருந்தவர் தலைமை ஷெரிஃப் ஹியூ லம்ஸ்டன். படித்தவர், பாதுகாப்பான பதவியில் இருந்தவர், செல்லரோடு பகையோ எஸ்டேட்டோடு கடனோ இல்லாதவர். 1813 இல் மெக்கிட் செய்ததையே அவரும் செய்தார், செய்யவும் வேண்டியிருந்தது. சட்டம் அவருக்கு வேறு வழி வைக்கவில்லை. நாற்பது நாள் அறிவிப்பு ஒழுங்காக இருந்தால் ஆணை. ஆணையை எதிர்த்தால் கலகம். உலகத்திலேயே நேர்மையான நீதிபதியை அந்த நாற்காலியில் உட்காரவைத்தாலும் அவர் குடியானவனுக்குக் கொடுக்க முடிந்தது அதிகபட்சம் அனுதாபம்.

ஸ்ட்ராத்நேவரில் பிறந்த கல்தச்சர் டொனால்டு மெக்லாட் 1840களில் எடின்பரோ இதழ்களில் எழுதிய கடிதங்களில் ஷெரிஃப், பாதிரியார், காரியஸ்தர் மூவரும் கூட்டுச் சதி என்கிறார். அவர் எழுதியவற்றில் மிகை உண்டு. பாதிக்கப்பட்டவரின் கோபம் அது. எனக்கு அந்தச் சதிக் கோட்பாடு தேவைப்படவில்லை. சதி இருந்திருந்தால் நல்லவர்களை நியமித்து அதை உடைத்திருக்கலாம். கிரான்ஸ்டன் நல்லவர், லம்ஸ்டன் ஒழுங்கானவர், ஒன்றும் உடையவில்லை. சதியைவிடப் பிடிவாதமானது, யாரும் மீறாமல் கடைப்பிடித்த சட்டம்.

அந்தச் சட்டம் மாறியது 1886 இல். அதற்குமுன் ஸ்கை தீவில் 1882 இல் நடந்த மோதல், 1883 இல் நேப்பியர் பிரபு தலைமையில் ஊர் ஊராகப் போய்ச் சாட்சி கேட்ட விசாரணைக் குழு, 1885 தேர்தலில் குடியானவர்களுக்குக் கிடைத்த வாக்கு எல்லாம் அதில் பங்காற்றின. அவை தனிக் கதை. புதிய சட்டம் சிறுகுடியானவனுக்கு மூன்றைக் கொடுத்தது: வாடகை கட்டும்வரை அவனை எழுப்ப முடியாது, நிலத்தை வாரிசுக்கு விடலாம், வெளியேறினால் தான் கட்டிய வீட்டுக்கும் செய்த மேம்பாட்டுக்கும் ஈடு கேட்கலாம். கூரைச் சட்டத்தை எரித்த நாட்டில் வீட்டுக்கு ஈடு என்பது பெரிய வார்த்தை. நியாயமான வாடகையை நிர்ணயிக்க ஒரு தனி ஆணையமும் வந்தது. ஆணையம் வாடகைகளைக் குறைத்தது, நிலுவைகளில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தது. முந்தைய தலைமுறைகளில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு நிலம் திரும்பக் கிடைக்கவில்லை. அதனால் அசின்ட் கடற்கரையில் கிளாஷ்மோர் மக்கள் 1887 இல் மறுபடி கொந்தளித்தார்கள். இருந்தும் அதன்பின் சதர்லாந்தில் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகக் காலி செய்யவைக்கும் ஆணை பிறக்கவில்லை.

நிலக்காரர் தரப்பு அன்று சொன்ன ஆட்சேபம் இன்னொன்று: இப்படி ஒரு தனி ஆணையத்தை ஏற்படுத்தியதே ஷெரிஃப் நீதிமன்றத்தின் மீது நம்பிக்கை இல்லாத அரசியல் வேலை, நீதிபதிகளை ஓரங்கட்டிவிட்டு வாக்குக்காகத் தீர்ப்புச் சொல்லும் ஆட்களை அமர்த்திவிட்டார்கள். இதற்குப் பதில் ஆணையத்தின் தலைவர் பெயரிலேயே இருக்கிறது. முதல் தலைவர் டேவிட் பிராண்டு, ஷெரிஃப். அதே வழக்கறிஞர் வட்டத்திலிருந்து, அதே முறைப்படி அரசரால் நியமிக்கப்பட்டவர்; கிரான்ஸ்டனும் லம்ஸ்டனும் எப்படிப்பட்டவர்களோ அப்படிப்பட்டவர். மலைநாட்டில் கொட்டகைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் உட்கார்ந்து கேலிக் சாட்சிகளைக் கேட்டு வாடகையைக் குறைத்தவர் ஒரு ஷெரிஃப்தான். வித்தியாசம், அவர் கையில் 1886 சட்டம் இருந்தது.

டோர்னாக்கின் மற்றக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1870 இல் சதர்லாந்து ராஸ், குரோமார்ட்டி மாவட்டங்களோடு சேர்க்கப்பட்டது. 1975 இல் கிராம்பியன், மலைநாடு, தீவுகள் என்ற ஒரே பெரிய ஷெரிஃப் எல்லைக்குள் கரைந்தது. முன்னொரு காலத்து இன்வர்னஸ் ஷெரிஃபின் எல்லையைவிடவும் அது பெரிது. தேவாலயத்துக்கு எதிரே 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய நீதிமன்றத்தில் வழக்குகள் குறைந்துகொண்டே வந்தன. செலவைக் காரணம் காட்டி 2013 நவம்பர் 30 அன்று அதை மூடினார்கள். வழக்குகள் கடற்கழிக்கு அக்கரையில் டெயினுக்கு மாற்றப்பட்டன. கட்டடம் இப்போது தங்கும் விடுதி.